மேற்குச் சுவரும் வெண்கல ஆமையும்

அந்தப் பெண் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அவசரம் தெரிந்தது. ஒன்று படியில் கிடந்தது, மற்றொன்று பூந்தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. காலை ஏழு மணிதான். அதற்குள் வெயில் முன்னறையின் பாதித் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பொட்டலம் சார் வீடு இதுதானா?" என்று கேட்டாள்.

சின்னவன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அவனுக்கு வயது நாற்பது, உச்சந்தலையில் முடி பாதி போய்விட்டது. ஆனாலும் கடைக்குட்டியாகப் பிறந்த தோஷத்தால் வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன்தான். மருந்துக் கம்பெனியின் மாதிரிப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைவது அவன் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு வந்து, அத்தானிடம் யாராவது வழக்கு கொண்டுவருகிறார்களா என்று காத்திருப்பது அவன் பொழுதுபோக்கு.

அத்தான் இருபத்தாறு வருடம் அஞ்சல் துறையில், காணாமற்போன பொட்டலங்களைத் தேடும் பிரிவில் இருந்தவர். ஊர் வைத்த பெயர் அப்படித்தான் வந்தது. வேலையை விட்ட பிறகும் விடவில்லை. மோதிரம், பத்திரம், ஒருமுறை ஒரு புருஷன் என்று தொலைந்ததையெல்லாம் ஜனங்கள் அவரிடம்தான் கொண்டுவந்தார்கள்.

"உக்காருங்கம்மா. என்ன காணோம்?" என்றார் அத்தான்.

"ஆமை."

சின்னவன் வாயைக் கையால் மூடிக்கொண்டான். அத்தானின் முகத்தில் மாற்றமில்லை.

அவள் தையல் கடையில் வேலை செய்பவள். அவள் கணவர் தச்சர். காட்டுக்குள்ளே பாழடைந்து கிடக்கும் பழைய கோயில் ஒன்றை ஆராய்ச்சிக்காரர்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாயும் சுவர்களுக்கு முட்டுக்கொடுக்க இரண்டு மாதமாக அவர் அங்கே போய்வந்தார். முந்தாநாள் மாலை கருவறைத் தரைக்கு அடியில் உள்ளங்கை அளவு வெண்கல ஆமை ஒன்று கிடைத்தது. நேற்று மத்தியானம் அது காணாமல் போய்விட்டது.

"நேத்துலேர்ந்து அவர ஒரு அறையில உக்கார வச்சிருக்காங்க சார். இன்னிக்கு நாலு மணிக்கு போலீஸ் வருதாம்."

"அவர்தான் எடுத்தார்னு யார் சொல்றா?"

"அவரோட திருப்புளி சொல்லுது. ஆமைய வச்சிருந்த பெட்டிக்கு அடியில அதுதான் கிடந்துதாம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவள் சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்.

"காலையில எழுந்ததும் முதல் வேலையா வீட்டத் தேடினேன் சார். அவர் சட்டைப் பை, அரிசி டின், கூரை இடுக்கு, ஒண்ணு விடல. இருந்துடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டேதான் தேடினேன். ஆனா தேடினேன்."

அத்தான் எழுந்து மூலையிலிருந்த குடையை எடுத்தார். "அதச் சொல்லாம மறைச்சிருக்கலாம் நீங்க. மறைக்கல. அதுக்காகவே வர்றேன். மச்சான், உன் காருல மூணு பேருக்கு இடம் இருக்குமா, இல்ல மாத்திரைக்குத்தான் இடமா?"

காரில் குளிர்சாதனம் வேலை செய்து வருஷமாகிறது. ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் அவியல். ஒன்பதரை மணிக்கு அவர்கள் காட்டுப் பாதையின் முடிவில் இறங்கியபோது சின்னவனின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

மரங்கள் விலகியதும் கோயில் தெரிந்தது. கோபுரத்தின் தலையை மரம் ஒன்று தின்றுவிட்டு அதன்மேலேயே நின்றுகொண்டிருந்தது. வேர்கள் கல்லிடுக்குகளில் கை விட்டு எதையோ தேடுவதுபோல இறங்கியிருந்தன. கூரையில்லாத மண்டபங்கள், பாதியில் நின்றுபோன படிகள், முகம் மழுங்கிய சிலைகள். பூச்சிகளின் இரைச்சல் காதைத் துளைத்தது. சுற்றிலும் முள்வேலி. உள்ளே போக ஒரே வாசல், அதில் ஒரு காவலாளி.

தகரக்கூரை போட்ட இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே தார்ப்பாய் கட்டி, அடியில் மேசை போட்டிருந்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில். ஒவ்வொருவரின் பையும் அவரவர் காலுக்கு அடியில். மேசையில் தண்ணீர்க் குடம் ஒன்று இருந்தது. ஒருவர் எழுந்து தனக்கு மட்டும் மொண்டுகொண்டு போய் உட்கார்ந்தார். மற்றவர்களிடம் வேண்டுமா என்று கேட்கவில்லை. ஒரே நாளில் இந்த இடத்தில் என்னவெல்லாம் இடிந்திருக்கிறது என்று சின்னவனுக்குப் புரிந்தது.

குழுவுக்குத் தலைவர் ஐம்பது வயது அம்மாள். எல்லோரும் மேடம் என்றே அழைத்தார்கள். அத்தானை அவர் வரவேற்கவுமில்லை, விரட்டவுமில்லை. களைத்திருந்தார்.

"பாருங்க. கேளுங்க. நாலு மணி வரைக்கும் யாருக்கும் இங்க வேற வேலை இல்ல," என்றார்.

"ஆமையப் பத்திச் சொல்லுங்க."

"மண்ணு அப்பிக் கிடந்தது. முதுகுல ஏதோ கீறல் மாதிரி தெரிஞ்சுது. எழுத்தா, வெறும் கோடான்னு எனக்கே தெரியல. சுத்தம் பண்ண நகரத்துலேர்ந்து ஆள் வரணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு நானே இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டினேன். சாவி என் கழுத்துல. திருடினவன் பூட்டத் தொடவே இல்ல. பின்னாடி கீல்ல இருக்கற திருகாணியக் கழட்டி மூடியத் தூக்கிட்டான்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னண்டே காலுக்கு எல்லாரும் வேலைய நிறுத்திடுவோம். இந்த வெயில்ல ரெண்டு மணி வரைக்கும் ஓய்வு. ரெண்டுக்குப் போய்ப் பார்த்தேன், இல்ல. அப்பவே வாசலச் சாத்திட்டோம். எல்லாப் பையும், எல்லா உடம்பும், ஜீப்பும் சோதிச்சாச்சு. என்னையும் சோதிக்கச் சொன்னேன். ஆமை வெளிய போகல. ஆனா உள்ளயும் கிடைக்கல."

"ஓய்வு நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"பன்னண்டு பத்துக்குத் தச்சர் வந்து மேற்குச் சுவத்துல கண்ணாடி ஒட்டியாச்சுன்னார். போய்ப் பார்த்துட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தேன்."

"சுவத்துல எதுக்குக் கண்ணாடி?" என்று சின்னவன் குறுக்கிட்டான்.

"விரிசலுக்கு மேல சின்னக் கண்ணாடித் துண்டு ஒண்ண ரெண்டு பக்கமும் சாந்து வச்சு ஒட்டிடுவோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைஞ்சுடும். நமக்குத் தெரிஞ்சுடும். நேத்துக் காலையில விரிசல் பெருசானமாதிரி இருந்தது, அதனால ஒட்டச் சொன்னேன்."

சின்னவனுக்கு அதில் சுவாரசியமில்லை. அவன் பார்வை ஏற்கெனவே மூலையில் கேமராவோடு உட்கார்ந்திருந்த புகைப்படக்காரரின் செருப்புகளில் போய் நின்றிருந்தது. அவற்றின் ஓரங்களில் பச்சை கலந்த சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மழை பெய்து இரண்டு மாதமான இடத்தில் சேறு எங்கிருந்து வந்தது?

முதலில் தச்சரைப் பார்த்தார்கள். சாமான்கள் போடும் சிறிய அறையில், கவிழ்த்த வாளியின்மேல் நேராக உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் எழுந்தார்.

"திருப்புளி என்னுதுதான் சார். கண்ணாடி ஒட்டினதும் கருவிப் பைய அந்தப் பெட்டி இருக்கற கொட்டகை வாசல்லயே வச்சுட்டு மரத்தடியில போய்ப் படுத்தேன். பாரமான பை. யார் வேணும்னாலும் கை விட்டிருக்கலாம். பெட்டியப் பார்த்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"பாருங்க. திருகாணித் தலையெல்லாம் சிதைஞ்சிருக்கு. திருப்புளி வழுக்கி வழுக்கிக் கீல் பூராக் கோடு. நான் கழட்டினா அப்படியா இருக்கும்? திருடன்னு சொன்னாக்கூட ஒரு பக்கம். வேலை தெரியாதவன்னு சொல்றமாதிரி இருக்கு சார்."

அத்தான் முகத்தில் மெல்லிய சிரிப்பு வந்துபோனது. தச்சர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் தலை குனிந்திருந்தது.

"நீயும் தேடினியா?" என்று கேட்டார்.

அவர் மறுபடி வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டார். சின்னவனுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

பெட்டி தச்சர் சொன்னபடியேதான் இருந்தது. கீல் முழுக்கக் கோணல் கீறல்கள்.

வெளியே வந்ததும் சின்னவன் அத்தானின் கையைப் பிடித்தான். "படக்காரர்தான் அத்தான். செருப்புல சேறு. நேத்து எங்க இருந்தீங்கன்னு கேட்டா ஜீப்புல தூங்கினேன்கிறார். ஜீப்புல ஏது சேறு? வடக்கே ஒரு குளம் இருக்கு, அதுல ஆமைய ஒளிச்சு வச்சிருக்கார். நேரா அமுக்கினா கக்கிடுவார்."

"அமுக்க வேண்டாம். கேட்டுப் பார்ப்போம்."

புகைப்படக்காரர் முப்பது வயதுக்காரர். கேமரா வாரைத் திருகித் திருகிக் கயிறாக்கிக்கொண்டிருந்தார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "குளத்துல தண்ணி குளுகுளுன்னு இருக்குமோ?" என்றார்.

அவர் சட்டென்று கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கோயிலின் வடக்கே இருந்த குளத்தின் படிகள் சரிந்துகொண்டிருந்ததால் யாரும் இறங்கக்கூடாதென்று மேடம் பலகை வைத்திருந்தார். மீறினால் வேலை போய்விடும்.

"கழுத்தளவு தண்ணியில உக்காந்திருந்தேன் சார். ஒரு மணி நேரம். இந்தச் சூடு தாங்கல. காவலாளிகிட்டக் கேளுங்க. அவர்தான் மேடம் வர்றாங்களான்னு பார்த்துக்கிட்டு நின்னார்."

காவலாளி முதலில் இல்லையென்றார். பிறகு ஆமாம் என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து குளமும் வாசலும் இரண்டும் தெரிந்தன. குளித்தவர் நடுவில் எழுந்து போகவில்லை என்று சத்தியம் செய்தார். சின்னவனின் கட்டடம் இடிந்து விழுந்தது.

"இன்னும் ஒருத்தர் இருக்கார்," என்றார் அத்தான்.

கல்வெட்டு படிப்பவரை எல்லோரும் வாத்தியார் என்று அழைத்தார்கள். கல்லூரியில் முப்பது வருடம் பாடம் நடத்தியவர். இந்தக் கோயிலைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைத்தான் இன்றுவரை மாணவர்கள் படிக்கிறார்கள் என்று மேடம் மரியாதையோடு சொன்னார். கொட்டகைக்குள் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நகக்கண்களில் கறுப்பு மை. பக்கத்தில் தண்ணீர் வாளி, தூரிகை, மைக்கிண்ணம். துணியில் பஞ்சடைத்து உருண்டையாகக் கட்டிய மைப்பொட்டணம் ஒன்று துண்டில் சுற்றி மடியோரம் இருந்தது.

"இன்னிக்கு வேலை இல்லையா?" என்று அத்தான் கேட்டார்.

"தோள் வலி. நேத்து ஒன்றரை மணி நேரம் சுவத்தோட மல்லுக்கட்டினேனே," என்று சுவரில் தொங்கிய பெரிய தாளைக் காட்டினார்.

கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மின்னின. ஓரத்தில் பென்சிலால் நேற்றைய தேதியும், 'மேற்குச் சுவர், 12.30 முதல் 1.50 வரை' என்ற குறிப்பும் இருந்தன.

"இதுக்குப் பேரு மைப்படி," என்று வாத்தியார் சின்னவனுக்கு விளக்கினார். குரலில் வகுப்பறையின் இனிமை வந்துவிட்டது. "தாள ஈரமாக்கிக் கல்லுமேல ஒட்டி, தூரிகையால தட்டணும். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள்ள இறங்கும். ஈரம் கொஞ்சம் அடங்கினதும் பொட்டணத்துல மை தொட்டு ஒத்தணும். மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையா நிக்கும். எல்லாரும் தூங்கற நேரத்துலதான் எனக்கு நிம்மதியா வேலை ஓடும்."

"என்ன எழுதியிருக்கு?"

வாத்தியார் எழுந்து விரலை வைத்துப் படித்தார். அரசன் பேர், கொடுத்த நிலம், எல்லைகள். நாலாவது வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"'நீரும் நிழலும் உள்ளவரை இம்மதில் நிற்க.' இங்க பாருங்க, விரிசல் சரியா 'நிழலும்'ங்கற சொல்லுக்குக் குறுக்கப் போகுது. ஆனாலும் ஒரு எழுத்துகூடச் சிதையல. எவ்வளவு சுத்தமா வந்திருக்கு?"

"ரொம்பச் சுத்தமா வந்திருக்கு," என்றார் அத்தான்.

"இந்தச் சுவரு நாளைக்கும் இருக்கும். அந்த ரெண்டு வரிதான் போயிடுச்சு. ஒரு தச்சன் அதோட அருமை தெரியாம எந்தப் புதர்ல வீசினானோ." வாத்தியார் பெருமூச்சு விட்டு மறுபடி சாய்ந்தார். "பாவம், ஏழை. போலீஸ்கிட்டக் கொஞ்சம் இரக்கமா நடந்துக்கச் சொல்லணும்."

வெளியே வந்தபோது மணி ஒன்று. மேற்குச் சுவருக்கு நடந்தார்கள். அது இரண்டு ஆள் உயரம். அதற்கும் காட்டுக்கும் இடையே வெட்டவெளி. கல்லிலிருந்து எழுந்த அனல் கண்ணெதிரே நெளிந்தது. வழியில் அணில் ஒன்று எதையோ கவ்விக்கொண்டு தூணின்மேல் ஓடியது. கறுப்பாக, உருண்டையாக ஏதோ. சின்னவன் அண்ணாந்து பார்த்தான். உத்தரத்து இடுக்கில் அது கூடு கட்டிக்கொண்டிருந்தது. நாரும் சருகும் நடுவே கறுப்புப் பஞ்சு.

"அணிலுக்குக்கூட இந்த ஊர்ல கறுப்புப் பஞ்சு மெத்தை," என்றான்.

அத்தான் நின்றார். கூட்டைப் பார்த்தார். பிறகு நடந்தார்.

சுவரில் விரிசல் மேலிருந்து கீழாக ஓடியிருந்தது. நெஞ்சு உயரத்தில், நாலாவது வரியின் மேல், இரண்டு விரல் அகலத்தில் கண்ணாடித் துண்டு. இரு முனைகளிலும் வெள்ளைச் சாந்து. அதில் ஈரத்திலேயே ஆணியால் கீறியிருந்தது: நேற்றைய தேதி, 12.05. கண்ணாடியில் ஒரு கீறலில்லை.

"மச்சான், சுவத்துல கை வை."

வைத்த வேகத்தில் எடுத்தான். "அம்மாடி. தோசைக்கல்."

"உன் கைக்குட்டைய நனைச்சு ஒட்டு."

பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் கைக்குட்டையை முக்கிச் சின்னவன் கல்லில் ஒட்டினான். அத்தான் குடை நிழலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஓரங்கள் முதலில் வெளுத்தன. பிறகு ஒரு மூலை மடிந்தது. ஐந்து நிமிடத்துக்குள் துணி காய்ந்து, கழன்று, புல்லில் விழுந்தது.

"துணிக்கே இந்தக் கதி," என்றார் அத்தான். சின்னவன் அவர் முகத்தைப் பார்த்தான். எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்தது. கேட்டால் சொல்ல மாட்டார் என்பதும் தெரிந்தது.

இரண்டரை மணிக்குத் தார்ப்பாய்க்கு அடியில் எல்லோரும் கூடினார்கள். அத்தான் கேட்டுக்கொண்டதால் தச்சரையும் அழைத்து வந்தார்கள். வாத்தியார் தம் சாமான்களை மடியோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மைப்படித் தாளைச் சின்னவன் சுருட்டிக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தான்.

"பொட்டலம் தொலைஞ்சா எங்க ஆபீசுல முதல்ல முகவரியத்தான் பார்ப்போம்," என்று அத்தான் ஆரம்பித்தார். "எங்கேருந்து, எங்கே, எத்தனை மணிக்கு. இந்தத் தாள்லயும் முகவரி இருக்கு. மேற்குச் சுவர், பன்னண்டரை முதல் ஒண்ணு அம்பது. ஆனா அந்த நேரத்துல அந்தச் சுவத்துல வெயில் நேரா அடிக்குது. ஈரக் கைக்குட்டை அஞ்சு நிமிஷம் நிக்கல. தாள் எப்படி ஒன்றரை மணி நேரம் நின்னுது? அந்தப் பக்கம் காலையில மட்டும்தான் நிழல். இவ்வளவு சுத்தமா வரணும்னா காலையிலதான் எடுத்திருக்கணும்."

வாத்தியார் கையை வீசினார். "முப்பது வருஷப் பழக்கம். மேல மேல தண்ணி தெளிச்சுக்கிட்டே எடுப்பேன். உங்களுக்கு அந்த வேலை தெரியாது."

"தெரியாதுதான். அதனால தெரிஞ்சவங்களக் கேட்கறேன். மேடம், தச்சர் ஒட்டின கண்ணாடிய நீங்க எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"பன்னண்டு பத்து."

"எந்த வரிக்கு மேல?"

மேடம் பதில் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. மெதுவாக எழுந்து வந்து தாளின்மேல் குனிந்தார். அவர் விரல் விரிசலின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, நாலாவது வரியில் நின்றது.

"'நிழலும்'," என்றார். "இந்தச் சொல் முழுக்கக் கண்ணாடிக்கும் சாந்துக்கும் அடியில இருக்கு."

"இப்பவும் இருக்கு. கண்ணாடி உடையல," என்றார் அத்தான். "பன்னண்டே காலுக்கு மேல யார் எடுத்திருந்தாலும் அந்த இடத்துல ஒரு பட்டைதான் பதிஞ்சிருக்கும். இதுல எழுத்து அத்தனையும் இருக்கு. கண்ணாடி வர்றதுக்கு முன்னாடி எடுத்த தாள் இது. எல்லாரும் கருவறையில இருந்த காலை நேரத்துல எடுத்து, மத்தியான நேரம் போட்டு வச்சிருக்கார். ஒருத்தர் தான் செஞ்ச வேலைக்கு எதுக்குத் தப்பான நேரம் போடணும்? அந்த நேரத்துல வேற இடத்துல வேற வேலை இருந்தா போடலாம்."

அத்தான் தாளைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"இன்னொண்ணு. ஆமை முதுகுல இருக்கறது எழுத்தா கோடான்னு மேடத்துக்கே தெரியாது. வாத்தியார் எங்ககிட்ட 'அந்த ரெண்டு வரி போயிடுச்சு'ன்னார். வரி எத்தனைன்னு எண்ணினவருக்குத்தான் தெரியும்."

சின்னவன் நெற்றியில் தட்டிக்கொண்டான். காதில் விழுந்த வார்த்தைதான். அவனும் கேட்டுக்கொண்டுதானே இருந்தான்.

"முந்தாநாள் நான் பெட்டி எடுக்கப் போனப்ப நீங்க அதுகிட்டத் தனியா நின்னீங்க," என்றார் மேடம். "ரெண்டு நிமிஷம்."

"என் பையச் சோதிச்சாச்சு," என்றார் வாத்தியார். "என் உடம்பச் சோதிச்சாச்சு. எங்க இருக்கு ஆமை? காட்டுங்க."

"பையில பார்த்தாங்க, சட்டையில பார்த்தாங்க. கையில இருந்தத யாரும் பார்க்கல," என்றார் அத்தான். "தூண் மேல ஒரு அணில் கூடு கட்டுது. மை ஊறின பஞ்ச எடுத்துப் போகுது. இங்க மை தொடற பஞ்சு ஒரே ஒரு பொட்டணத்துலதான் இருக்கு. அது ஏன் பஞ்ச வெளிய தள்ளுச்சு? உள்ள வேற எதுக்கோ இடம் தேவைப்பட்டிருக்கு. தோள் வலின்னு இன்னிக்கு நீங்க அதத் தூக்கவும் இல்ல, விட்டு நகரவும் இல்ல. முடிச்ச நீங்களே அவிழ்த்துடுங்க, ஐயா. நாங்க கை வைக்க வேண்டாம்."

வாத்தியார் அந்தப் பொட்டணத்தை மேசைமேல் வைத்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். துணி விரிந்தது. மிச்சமிருந்த பஞ்சுக்குள்ளிருந்து, மண் கழுவப்பட்டுப் பச்சை பூத்த வெண்கல ஆமை மேசைமேல் உருண்டது.

தச்சரின் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் சார்?" என்று கேட்டது புகைப்படக்காரர்.

"என் புத்தகத்துல முதல் வாக்கியம் என்னன்னு தெரியுமா உனக்கு?" வாத்தியார் யாரையும் பார்க்காமல் பேசினார். "இந்தக் கோயில எந்த அரசன் கட்டினான்னு தொடங்கும். அத வச்சுத்தான் பட்டம், வேலை, எல்லாம். என்னை எதிர்த்துப் பேசின ரெண்டு பேர் எதிர்காலத்தையே கெடுத்திருக்கேன். முந்தாநாள் சாயங்காலம் எச்சில் தொட்டுத் துடைச்சுப் பார்த்தேன். ரெண்டே வரி. முப்பது வருஷத்தப் பொய்யாக்கறதுக்கு ரெண்டு வரி போதும்."

"குளத்துல போட்டிருக்கலாமே," என்றான் சின்னவன் தன்னையறியாமல்.

"போடத்தான் போனேன். தூரத்துலேர்ந்தே பார்த்தேன், அங்க இவன் உக்காந்திருந்தான்." புகைப்படக்காரரைக் கண்ணால் காட்டினார். "அப்புறம் கல்லால நசுக்கலாம்னு பார்த்தேன். எழுத்த அழிக்கக் கை வரல."

அதுவரை பேசாமலிருந்த தச்சர் ஓரடி முன்னால் வந்தார். அவர் குரல் உயரவில்லை.

"எழுத்த அழிக்கக் கை வரல, சரி. நேத்து சாயங்காலம் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தீங்க. பக்கத்துல உக்காந்து, 'ஒத்துக்கப்பா, பிள்ளைகுட்டிக்காரன், நான் பேசிக் குறைச்சு விடறேன்'னீங்க. இங்க இருக்கறவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் நல்லவர்னு நெனச்சேன் சார். ஒத்துக்கலாமான்னுகூட யோசிச்சேன்."

வாத்தியார் துண்டை எடுத்து விரல் மையைத் துடைத்தார்.

மேடம் கைக்குட்டையால் ஆமையை எடுத்து மேசை நடுவில் வைத்தார். "நாலு மணிக்கு அவங்க வந்ததும் நடந்தத நீங்களே சொல்லணும். ஒரு வார்த்தை குறைஞ்சா நான் சொல்லுவேன்," என்றார். தச்சரின் பக்கம் திரும்பினார். குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினார். தச்சர் அதை வாங்கிக்கொண்டுபோய்த் தரையில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் கொடுத்தார்.

"அரிசி டின்னுலயும் தேடினேன்," என்றாள் அவள்.

"சரி. குடி."

அவள் பாதி குடித்துவிட்டு மீதியை அவரிடம் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு மேசைக்கு அருகே வந்தார். ஆமையைத் தொடாமல் குனிந்து பார்த்தார். முதுகின் வளைவில், கோடுகள் போலவே தெரிந்த சின்னஞ்சிறு எழுத்துகள்.

"என்ன எழுதியிருக்கு இதுல?"

மேடம் வாத்தியாரைப் பார்த்தார். அங்கே இருந்தவர்களில் அத்தனை பொடியான பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். ஆமையின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"'இக்கோயிலை அரசர் எவரும் எழுப்பவில்லை,'" என்று படித்தார். கல்லூரிக் குரல் போய்விட்டிருந்தது. "'கல் சுமந்தோரும் மரம் அறுத்தோரும் எங்களுக்காக நாங்களே எழுப்பினோம்.'"

தச்சர் ஆமையின் முதுகை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு வாத்தியாருக்கு எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் வாசிங்க," என்றார்.